பிறப்பின்வழி வரும் நோய்ச்சார்பும் வினையும்

காவிரி பாயும் சோழநாட்டுச் சிற்றூர்களில் ஒருவர்க்கு நுரையீரற் புற்றுநோய் கண்டதெனின், அவர் இல்லத்தின்முன் கூடுவார் வாயினின்று இரண்டு சொற்கள் தவறாது பிறத்தலைக் காண்கின்றோம். ஒன்று, 'முன்செய்த வினை' என்பது. மற்றொன்று, 'அவர்கள் வமிசத்திலேயே உள்ளது' என்பது. இவ்விரண்டும் முன்னர் வேறுவேறு சொற்களாகவே நின்றன. மரபணு ஆராய்ச்சி வளர்ந்துள்ள இக்காலத்தில் கற்றார் சிலர் இவற்றை ஒன்றாக்கி, 'நம் நூல்கள் ஊழ் என்றதனையே விஞ்ஞானிகள் மரபணு என்கின்றனர். தாய் தந்தையர் வழியே உடம்பில் எழுதப்பட்டு வருவது வினையின் எழுத்தேயாம்' என்று கூறத் தொடங்கியுள்ளனர். கேட்டற்கு இனிதாகவும் நம் சமயத்திற்குப் பெருமை தருவதுபோலவும் தோன்றும் இக்கூற்று, சித்தாந்தத்தோடு பொருந்துமா என்பதும், நோயுற்றார்மாட்டு நாம் ஒழுகவேண்டிய முறை யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. இக்கூற்றை மெய்யெனக் கொண்ட இல்லத்தார் நோயை மறைப்பர். அயலார் அவ்வில்லத்திற் பெண் கொள்ளவும் கொடுக்கவும் அஞ்சுவர். நோயுற்றவர் தம்மைத் தண்டனை பெற்றவராக எண்ணி மருத்துவரை நாடக் காலந்தாழ்ப்பர். ஒரு கோட்பாட்டைத் தவறாக உணர்தலினால் ஓர் உயிர் துன்புறுமாயின், அக்கோட்பாட்டை ஓதுவிப்போர் அதனைத் திருத்தக் கடமைப்பட்டவராவர்.

முதற்கண் அறிஞர் கண்டதனை உள்ளவாறு அறிதல் வேண்டும். அறியாது மறுத்தலும், அறியாது உடன்படுதலும் ஒரு தன்மையனவே.

மக்களுடம்பு எண்ணிறந்த நுண்ணிய அறைகளால் ஆயது. இவற்றை இக்காலத்தார் உயிரணு என வழங்குவர். பெயரில் உயிர் என்னுஞ் சொல் இருப்பினும், அவை நம் நூல்கள் கூறும் உயிரல்ல. மாயையின் காரியமாகிய உடம்பின் கூறுகளேயாம். அவ்வணுக்களுட் பெரும்பாலனவற்றில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தைவழி வந்தது. மற்றொன்று தாய்வழி வந்தது. உடம்பிற்கு வேண்டும் புரதங்களை ஆக்கும் முறைகள் அவற்றில் எழுத்துப்போல் அமைந்துள்ளன. அம்முறைகளே மரபணு எனப்படுவன. ஏடு பெயர்த்தெழுதுவோர் கையில் ஒரோவழி எழுத்து மாறிப் பாடபேதம் உண்டாதல் நம் புலவர்க்குப் பழக்கமான செய்தி. ஒரு முறை புகுந்த பாடம் அவ்வேட்டைப் பார்த்து எழுதிய ஏடுகள் அனைத்தினும் தொடரும். மரபணு வேறுபாடும் அத்தகையதே. பாடபேதம் எல்லாம் பிழையாகாதவாறு போல, மரபணு வேறுபாடுகளும் பெரும்பாலன தீங்கற்றவை. சிலவே நோய்க்குச் சார்பாவன.

நுரையீரற் புற்றுநோய்க்குச் சார்பான வேறுபாடொன்றை 2008ஆம் ஆண்டில் மூன்று ஆராய்ச்சிக் குழுவினர் தனித்தனியே ஆராய்ந்து ஒருங்கே வெளியிட்டனர். ஒரு குழு ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யவிக் நகரினது; ஒன்று பிரான்சு நாட்டின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தினது; மற்றொன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரினது. மூவரும் சென்று சேர்ந்த இடம் 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியாகும். அங்குள்ள மூன்று மரபணுக்கள் நரம்பணுக்களின் மேலுள்ள சில ஏற்பிகளை ஆக்குவன. புகையிலையின் நிக்கோட்டின் என்னும் பொருள் அவ்வேற்பிகளிற் சென்று பற்றுகின்றது. அவற்றுள் ஒரு புரதத்தில் 398ஆம் இடத்து நிற்கும் அமினோ அமிலம் ஒன்று சிலர்க்கு வேறாக உள்ளது. அவ்வேறுபாடு உடையார்க்கு அவ்வேற்பியின் வேலை தளர்கின்றது. எலிகளில் நிகழ்த்திய ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. 'போதும், இனி வேண்டா' என்று உடம்பு நிக்கோட்டினை வெறுத்துத் தள்ளுதற்கு அவ்வேற்பி உதவுகின்றது என அது காட்டிற்று. எனவே, அவ்வேறுபாடுடையார் புகைக்கத் தொடங்கின், பிறரினும் மிகுதியாகவும் ஆழமாகவும் புகைக்கின்றனர். விடுதற்கும் மிக வருந்துகின்றனர்.

அதனால் விளையும் இடர் எவ்வளவு? பெற்றோருள் ஒருவர்வழி மட்டும் இவ்வேறுபாட்டைப் பெற்றார்க்கு நுரையீரற் புற்றுநோயின் இடர் ஏறக்குறைய 30 விழுக்காடும், இருவர்வழியும் பெற்றார்க்கு ஏறக்குறைய 80 விழுக்காடும் மிகுகின்றது. இனி இதனோடு ஒப்புநோக்கற்குரியது மற்றொன்று உண்டு. மேலைநாட்டு ஆய்வுகளின்படி, புகைப்பவர்க்குப் புகையாதாரினும் இந்நோயின் இடர் 15 முதல் 30 மடங்கு மிகுதியாம். பிறப்பு தருவது ஒரு பங்கினும் குறைந்த மிகுதி. புகை தருவது பதினைந்து மடங்கிற்கு மேற்பட்ட மிகுதி. அன்றியும், ஒருபோதும் புகையாதாரிடத்து இவ்வேறுபாட்டினால் இடர் மிகுதல் பெரும்பாலான ஆய்வுகளிற் காணப்படவில்லை. எனவே பிறப்பின்வழி வந்த இச்சார்பு, செயல் வந்து கூடியவழியே பயன்படுகின்றது. கூடாவழி உடம்பில் வாளாது கிடந்து உடம்போடே ஒழிகின்றது.

புகை இந்நோய்க்குக் காரணமாதலை ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் இலண்டன் மருத்துவமனைகளின் நோயாளரை ஆராய்ந்து 1950இல் நிறுவினர். அடுத்த ஆண்டில் அவர்கள் தொடங்கிய மருத்துவர்களைப் பற்றிய ஆய்வு அரை நூற்றாண்டு நடந்து, அதன் முடிவு 2004இல் வெளிவந்தது. புகைப்பவர் புகையாதாரினும் சராசரி 10 ஆண்டு முன்னரே இறக்கின்றனர் என்பதும், 60 வயதில் விட்டவர் 3 ஆண்டும், 50இல் விட்டவர் 6 ஆண்டும், 40இல் விட்டவர் 9 ஆண்டும், 30இல் விட்டவர் 10 ஆண்டும் வாழ்நாள் மிகப்பெறுகின்றனர் என்பதும் அதனால் விளங்கின. நம் நாட்டிலும், சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் ஆடவர்மாட்டு நிகழ்ந்து 2003இல் வெளிவந்த ஆய்வு, சிகரெட்டேயன்றிப் பீடியும் இந்நோய்க்கு ஏதுவாதலைக் காட்டிற்று.

டால், ஹில் என்பாரை மறுத்தவர் ஒருவர் உளர். அவர் செய்தி நம் வினாவிற்கு மிக நெருங்கியதாதலின் சிறிது விரித்துரைப்பாம். ரொனால்டு பிஷர் புள்ளியியலிலும் மரபியலிலும் தம் காலத்துத் தலைசிறந்த பேரறிஞர். அவர் 1958இல், 'புகை புற்றுநோயைத் தருவதன்று. புகைக்கும் விருப்பத்தையும் புற்றுநோயையும் ஒருங்கே தரும் பிறவியமைப்பு ஒன்று இருத்தல் கூடும்' என எழுதினார். உருவொத்த இரட்டையர் புகைக்கும் பழக்கத்திலும் ஒத்திருத்தலை அதற்குச் சான்று காட்டினார். ஐம்பதாண்டு கழித்து 2008இற் கண்ட உண்மை அவர் கூற்றில் ஒரு பாதி மெய்யென்றே காட்டிற்று. புகைக்கும் வேட்கையோடு தொடர்புடைய மரபணு வேறுபாடு உளது. மற்றைப் பாதியோ பொய்யாயிற்று. நோர்டிக் நாடுகளின் இரட்டையரைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வில், உருவொத்த இரட்டையருள் ஒருவர் புகைத்து மற்றவர் புகையாதிருந்தவிடத்து, புகைத்தவர்க்கே நோய் பன்மடங்கு மிகுதியாக வந்தது. இருவர்க்கும் பிறப்பு ஒன்றே, செயலே வேறு.

ஈண்டு நினைக்கவேண்டுவது, பிஷர் புகையிலை உற்பத்தியாளரின் குழுவிற்கு ஆலோசகராகவும் இருந்தார் என்பது. அவர் உள்ளத்தை யாம் அளக்கப் புகவில்லை. ஆயினும் 'எல்லாம் பிறப்பின் பயன்' என்னும் கொள்கை எவர்க்கு நிழலாயிற்று என்பது எளிதிற் புலனாம். விற்பவன் குற்றம் வாங்குபவன் பிறப்பின்மேல் ஏறிற்று. 'வினைவழியே வந்தது' என்று நாம் பொருளுணராது கூறுஞ் சொல்லும் அவ்வாறே விற்பவனுக்கு நிழலாதல் கூடும் என்பதனை மறத்தலாகாது.

இனி, புகையாதார்க்கும் இந்நோய் வருகின்றதே எனின், வருகின்றது. ஆசிய நாடுகளில், சிறப்பாகப் பெண்டிரிடத்து, ஒருநாளும் புகைத்தறியாத நோயாளர் பலர். நம் ஊர்களில் வறட்டியும் விறகும் உமியும் எரியும் அடுப்பின்முன் நாற்பது ஐம்பது ஆண்டு அமர்ந்து சமைத்த தாயரை நினைக்க. மேற்கூறிய பன்னாட்டு நிறுவனம் 2010இல் வெளியிட்ட நூலில், வீட்டினுள் எரிக்கும் நிலக்கரியின் புகை புற்றுநோய் தருவதென்றும், விறகு முதலியவற்றின் புகை தரக்கூடியதென்றும் வகுத்துரைத்தது. கணவனும் மக்களும் வீட்டினுள் விடும் புகையையும் அவர்களே உட்கொள்கின்றனர்.

இவ்விடத்து மற்றொரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். இக்காலத்து மருத்துவர், நுரையீரற் புற்றுக்கட்டியைச் சோதித்து, 'இ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் மாற்றம் உளது' என்று எழுதித் தருவதுண்டு. அதனைக் கண்ட இல்லத்தார், 'மரபணு என்றமையால் இது மக்கட்கும் வரும்' என்று கலங்குகின்றனர். அஃது அவ்வாறன்று. பெரும்பாலும் அம்மாற்றம் பெற்றோர்வழி வந்ததன்று. வாழ்நாளிடையே நுரையீரலின் ஓர் அணுவில் தோன்றிக் கட்டியளவில் நிற்பது. மக்கட்குச் செல்லாது. அம்மாற்றம் உள்ளமை அறிந்தால் அதற்கேற்ற மாத்திரைகளைத் தருதலும் எளிதாகின்றது. அம்மரபணுவிலேயே ஒருவகை மாற்றம் பிறப்பின்வழி வந்து, ஒரு குடும்பத்திற் பலர்க்கு நோய் கண்டமையும் 2005இல் எழுதப்பட்டுள்ளது. ஆயினும் அது மிக அரிது. எனவே மரபணு மாற்றம் வேறு, மரபுவழி மாற்றம் வேறு. ஒரு சொல்லின் மயக்கத்தால் ஒரு பெண்ணின் திருமணம் தடைப்படுமாயின், அச்சொல்லை விளக்குதலும் அறமேயாம்.

இனிச் சித்தாந்த நெறியில் இதனை வைத்துக் காண்பாம்.

ஒரு காரியத்திற்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்று வேண்டும் என்பது நம் நூல்களின் துணிபு. குடத்திற்கு மண் முதற்காரணம்; தண்டசக்கரங்கள் துணைக்காரணம்; குயவன் நிமித்தகாரணம். நோயாகிய காரியத்திற்கு நுரையீரலின் அணுக்களே மண்ணாகும். மரபணு வேறுபாடு அம்மண்ணின் ஒருவகைப் பதம் எனலாம். புகை தண்டசக்கரம்போல் துணையாவது. பதம் மாறிய மண் தானே குடமாகாது. அதுபோலச் சார்பு தானே நோயாகாது. மரபணுவையே ஊழ் என்பார், மண்ணின் பதத்தைக் கண்டு குயவனைக் கண்டோம் என்பாரை ஒப்பர்.

சோழநாட்டு உழவர் இதனை நன்கறிவர். சம்பாப் பருவத்தில் விரும்பிப் பயிரிடும் பி.பி.டி. 5204 என்னும் சன்னரக நெல், குலைநோய்க்கு எளிதில் இலக்காவது. அச்சார்பு விதையிலேயே உள்ளது. ஆயினும் விதைத்த வயலெல்லாம் நோய் காண்பதில்லை. இரவிற் குளிர் மிகுந்து, இலையிற் பனிநீர் நெடிது நின்று, யூரியாவும் அளவின்மேற் சென்றவழியே நோய் பரவுகின்றது. அறிவுடைய உழவர் விதையை வைதலும் செய்யார். விதையின் இயல்பென்று கைகட்டியிருத்தலும் செய்யார். விதைநேர்த்தி செய்து, தழைச்சத்தை அளவிட்டு இட்டு, வயலைக் காலையும் மாலையும் சென்று காண்பர். சார்பு உளதென அறிதல் அவர்க்குக் காவல் மிகுதற்கே ஏதுவாகின்றது. 1922 முதல் ஆடுதுறையில் நடந்துவரும் நெல் ஆராய்ச்சியும் விதையின் இயல்பை அறிந்து அதனை மேம்படுத்தும் முயற்சியேயன்றோ!

அஃதேல், 'தனு கரண புவன போகங்கள் அனைத்தும் வினைக்கீடாகவே இறைவனாற் கூட்டப்படுவன. ஆகலின் இச்சார்புடைய உடம்பும் வினையால் வந்ததேயன்றோ' எனின், உண்மையே. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் அதனினின்று இவர் கொள்ளும் முடிபு பெறப்படாது. என்னை? வினைக்கீடாக வந்தது உடம்பு முழுவதும். கண்ணின் ஒளியும் வினையால் வந்தது. நாவின் இனிமையும் வினையால் வந்தது. நோயற்றான் வலிமையும் வினையால் வந்தது. இவற்றையெல்லாம் விடுத்து நோய்ச்சார்பு ஒன்றனையே வினை எனச் சுட்டுதல் நூல்நெறியாகாது; அயலான் துன்பத்தைக் கண்டவழி மட்டும் சித்தாந்தம் நினைவிற்கு வருதலாம்.

இன்னும் கூர்ந்து நோக்கின், பிராரத்தவினையின் பயன் என்பது இன்பதுன்ப நுகர்ச்சியே. மரபணு வேறுபாடு நுகர்ச்சியன்று. அதனை உடையான் அதனாற் சிறிதும் வலியுறுவதில்லை. உடையார் பலர் நோயின்றி எண்பது அகவை கடந்து வாழ்கின்றனர். நுகரப்படாத ஒன்றை வினைப்பயன் எனல் யாங்ஙனம் பொருந்தும்? வினைப்பயன் தம்மானும் பிறவுயிரானும் வரும், பூதங்களானும் வரும், தெய்வத்தானும் வரும் என மூவகை வாயில்களை நம் ஆசிரியர் கூறினர். இன்ன வினை இன்ன வாயிலால் இன்ன காலத்து வரும் என்பதனைக் கூட்டுவிப்பானாகிய இறைவனே அறிவன். வாயிற்படியை அளந்து, வருவானை அறிந்தோம் என்றல் நமக்கு அமையாது.

'தந்தையின் வினையை மகன் உண்கின்றானோ' என்பது அடுத்த தடை. உண்ணான். வினை உயிர்தோறும் வேறு. ஓருயிரின் கன்மம் மற்றோருயிரிற் சென்று பற்றுதல் சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று. தந்தையினின்று மகனுக்குச் செல்வது உடம்பின் பகுதியே. அன்றியும், நெல்லிற்கு உமிபோல் அனாதியே உயிரைப் பற்றி நிற்பது ஆணவம். மரபணுவோ இவ்வுடம்போடு வந்து இவ்வுடம்போடு ஒழிவது. ஆதலின் அதனை உயிரின் குற்றமெனல் இருவாற்றானும் பொருந்தாது. தான் அறியாத பாடபேதம் ஒன்றை அறியாமலே மகனுக்குக் கொடுத்த தந்தை, அதன்பொருட்டுக் குற்றவாளி ஆகான். பெற்ற மகனும் ஆகான். ஆனால் அத்தந்தை, கைக்குழந்தை உறங்கும் அறையில் அமர்ந்து பீடி புகைப்பானாயின், அது பிறப்பின்வழிச் சென்றதன்று, அறிந்து செய்யுஞ் செயல், அவனுக்கு ஆகாமியம். அறியாது கொடுத்ததற்கு நாணுதலும், அறிந்து செய்வதற்கு நாணாமையும் உலகியலில் மிகுதியாகக் காணப்படுகின்றன. சித்தாந்தம் இதனை நேர்மாறாகத் திருப்புகின்றது.

'பிராரத்தம் நுகர்ந்தே கழியவேண்டுவது. ஆகலின் மருந்துண்டல் அதனைத் தடுக்க முயல்வதாகாதோ' எனின், பசியும் பிராரத்தத்தால் வருவதே. அதன்பொருட்டு உண்ணாதிருப்பார் யாருமிலர். நோயும் இறைவன் கூட்டுவது. மருந்தும், மருத்துவனும், அவனை நாடும் அறிவும் அவன் கூட்டுவனவே. இதனை ஆளுடைய பிள்ளையார் வரலாறு தெளிவிக்கும். கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. அஃது அந்நிலத்தின் இயல்பென்றே அங்குள்ளார் கொண்டிருந்தனர். பிள்ளையார் எவர் எவ்வினை செய்தார் என ஆராய்ந்திலர். வினையென்று பேசுவார் அதனினின்று உய்யும் வழியையும் நாடாதிருத்தல் குறையென்னும் கருத்தமைந்த திருநீலகண்டத் திருப்பதிகத்தை அருளினார். அடியார் மட்டுமன்றி அந்நாடே சுரம் நீங்கிற்று என்பது சேக்கிழார் திருவாக்கு. நிலத்தின் இயல்பும், உடம்பின் இயல்பும், வினையும் ஆகிய மூன்றனையும் அறிந்த ஞானாசிரியர் செய்தது நோய் நீக்கமே.

நம் முன்னோர் ஒழுக்கமும் இதுவே. புள்ளிருக்குவேளூரில் இறைவனை வைத்தியநாதன் என்றே வழிபடுகின்றோம். தண்டிப்பான் என்று வழிபடவில்லை. தஞ்சையிற் குந்தவைப் பிராட்டியார் தம் தந்தையார் சுந்தரசோழர் பெயரால் ஆதுலசாலை அமைத்தார். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, 15 படுக்கைகளோடு கூடிய மருத்துவசாலை ஒன்றனையும், அதற்குரிய மருத்துவரையும் பணியாளரையும் மருந்துகளையும் விரித்துரைக்கின்றது. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் தன்வந்திரி மகாலை நிறுவி மருத்துவ முறைகளைத் தொகுப்பித்தார். இவர்கள் யாவரும் வினைக்கொள்கை நிலைபெற்ற நாட்டினரே. நம் காலத்திற்கு அணித்தாக, 1886இற் புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையார் புற்றுநோயால் இறந்ததனைக் கண்டார். வினையென்று அழுது அமையாது, பல்லாண்டு முயன்று 1954இல் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனை தோற்றுவித்தார். அங்கு இன்று பரம்பரைப் புற்றுநோய் பற்றி ஆலோசனை கூறும் பிரிவும் உள்ளது.

இவற்றால் யாம் துணிவது இது: வினை என்னுஞ் சொல், ஒருவன் தன்னை நோக்கிச் சொல்லுதற்குரியது, பிறனை நோக்கிச் சொல்லுதற்குரியதன்று. தனக்குத் துன்பம் வந்தவிடத்து 'இஃது என் வினை' என்பான், பிறரை நோவாமையும், பொறையும், இனிச் செய்வதிற் கருத்தும் பெறுகின்றான். அச்சொல் அவனுக்கு மருந்து. பிறன் துன்புற்றவிடத்து 'இஃது அவன் வினை' என்பான், கைம்மாறு கருதாது உதவவேண்டிய கடமையினின்று தப்புகின்றான். அதே சொல் அவனுக்கு நஞ்சு. திருநாவுக்கரசர் சூலையுற்று வந்து திருவதிகையில் விழுந்தபோது, அவர் நெறி மாறிச் சென்றதனைச் சுட்டி இடித்துரைத்தற்குத் திலகவதியாரினும் உரிமையுடையார் யாவர்? அம்மையார் திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அயலார்க்குத் தண்டனைபோல் தோன்றிய அச்சூலை ஆட்கொள்ளும் அருளாயிருந்தது. நோயின் உட்பொருளைப் புறத்து நிற்பார் அறியார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி ஒழுகவேண்டிய முறையைச் சுருங்கக் கூறுவாம். மேற்கூறிய 15ஆம் குரோமோசோம் வேறுபாட்டை மட்டும் சோதித்தறிதல் மருத்துவரிடத்து வழக்கமாக இல்லை, வேண்டுவதும் அன்று. உடையானுக்கும் இல்லானுக்கும் கூறும் அறிவுரை புகையை விடுக என்னும் ஒன்றே. உடையானுக்கு விடுதல் அரிதாயின், அவனை மனவலியற்றவன் என இகழாது, மருத்துவ உதவி பெறச் செய்தல் வேண்டும்; சுமை மிக்கவனுக்குத் தோள் கொடுத்தல் போல்வது அது. ஒரு குடும்பத்தில் இளமையிலேயே பலர்க்குப் புற்றுநோய் கண்டதாயின், அதனை மறையாது உடன்பிறந்தார்க்கு உரைத்தலே அறம். மறைத்தலால் மானம் காக்கப்படுவதுபோல் தோன்றும். ஆனால் காக்கக்கூடிய உயிர் காக்கப்படாது போம்.

புகையிலை நம் நாட்டிற்குப் போர்த்துகீசியர் வந்தபின் வந்த பயிர். வந்தபின்னர்ப் புலவரிடத்தும் மடங்களிடத்தும் அது பெற்ற செல்வாக்குப் பெரிது. அதனைத் தூதுவிட்டுச் சீனிச்சர்க்கரைப் புலவர் ஒரு பிரபந்தமே பாடினார். வெற்றிலையோடு சேர்த்து மெல்லுதல் நுரையீரலினும் வாயையே மிகுதியாகக் கெடுப்பது. ஆயினும் ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றுதல் விடுதலாகாது. மறைக்காட்டை அடுத்த மணற்பாங்கான நிலங்களில் இப்பயிரால் வாழும் உழவர் பலர். அவரை வைதலாற் பயனில்லை. வேறு பயிரால் வாழ வழிகாட்டுதலே வேண்டும். நிலமும் செல்வாக்கும் உடைய திருமடங்கள் இதனை எண்ணுதல் தகும். பொதுவிடங்களிற் புகைத்தலை விலக்கிய விதி 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அவ்விதி திருக்கோயில் வீதிகளிலும், திருவிழாப் பந்தர்களிலும், மடத்துக் கடைகளிலும் செவ்வனே நடைபெறுமாறு காத்தல் அரசின் வேலை மட்டுமன்று.

எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. புகைத்தறியாதவர், குடும்பத்திலும் நோய் கண்டறியாதவர், ஒருநாள் இந்நோயுற்று, 'எனக்கு ஏன் வந்தது' என வினவுவாராயின் என்ன விடை கூறுவது? மருத்துவன் காரணம் காட்டமாட்டான். மரபணு நூலும் காட்டாது. சித்தாந்தியும் 'வினை' என்று கூறி அவர் படுக்கையருகினின்று எழுந்து செல்லலாகாது. அவர் தாமே அச்சொல்லைக் கூறி ஆறுதல் பெறின், அவரோடு இருந்து கேட்க. கூறாராயின், அவர்க்கு வேண்டுவது மருந்தாயின் மருந்தும், பொருளாயின் பொருளும், துணையாயின் துணையும் கொடுத்து அருகிருக்க. உயிர்கட்கு வினையைக் கூட்டுவிப்பது இறைவன் தொழில். அதனை அவன் அருள்காரணமாகவே செய்கின்றான். அருள் அவன்பால் இருக்கத் தீர்ப்பை மட்டும் நாம் கையேற்றல் அடியார்க்கு அடாது. நம் கைக்கு உரியது தொண்டு ஒன்றே.